மைக்கேல் பேலின் மாதிரி ஊர் சுற்றிக் காட்டுவது ஒரு தொழிலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நிலாவெளிப் போட்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 27 வயது. திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குப் படகில் ஆக்களை ஏற்றி இறக்குகிற வேலை. சீசனில் விடிய ஆறரைக்குக் கரைக்குப் போனால் மத்தியானம் வரை போட்தான், பின்னேரத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறு, கோணேசர் கோயில் என்று ஆட்டோவில் கூட்டிக்கொண்டு திரிவேன். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் போட்டைக் கரையில் இழுத்து ஏற்றி வைத்துவிட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான்.

போன ஓகஸ்டில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வந்தது, மூன்று நாளும் என்னோடுதான் திரிந்தார்கள். போகும்போது அந்த ஐயா என் தோளில் தட்டி, நீ மைக்கேல் பேலின் மாதிரிக் கதை சொல்கிறாய் என்றார். யார் அது என்று வீட்டுக்கு வந்து தேடினால் முதலில் வந்த வீடியோவில் அந்த ஆள் செத்துப்போன கிளி ஒன்றை விற்றுவிட்டு, அது சாகவில்லை, நித்திரை என்று சாதிக்கிற கடைக்காரராக நிற்கிறார். மூன்று நாள் வெயிலில் திரிந்து கடைசியில் என்னைக் கள்ளக் கடைக்காரன் என்றா சொல்லிவிட்டுப் போனார் என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

பிறகுதான் 80 நாளில் உலகம் சுற்றுகிற தொடர் கிடைத்தது. மழைக்காலம் முழுக்க அதைத்தான் பார்த்தேன். டுபாயில் இருந்து பம்பாய்க்கு ஒரு பழைய மரக்கப்பலில் போகிற பகுதியை மட்டும் நாலு தரம் பார்த்திருப்பேன்.

என் கேள்வி இதுதான். கொமடி நடித்த ஒரு ஆள் எப்படி இந்த வேலைக்கு வந்தார்? இந்த வேலையில் உண்மையாகவே என்ன செய்கிறார்கள்? காசு பணம், ஆள் அறிமுகம் இல்லாத என்னைப் போல ஒருவன் இதை வைத்துச் சாப்பிட முடியுமா? நானும் கோணேசர் கோயிலில் நின்று 12 நிமிட வீடியோ ஒன்று போனில் எடுத்துப் போட்டேன். குளக்கோட்டன் ராசா கோயில் கட்டியது, இராவணன் வெட்டு, போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது எல்லாவற்றையும் பாடமாக்கி ஒப்புவித்தேன். பார்த்தவர்கள் 41 பேர். அதில் பாதி என் சொந்தக்காரர்.

ஓர்ஸ்ஹில் ரீச்சர்

தம்பி, அந்த ஐயா உங்களை நன்றாகத்தான் பாராட்டியிருக்கிறார். இங்கிலாந்தில் அந்த வயதுக்காரரிடம் பேலின் மாதிரி என்று பெயர் வாங்குவது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

செத்த கிளி, 1969இல் தொடங்கிய மொன்டி பைத்தன் என்ற பகிடித் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வருவது. பேலின் பிறந்தது 1943இல், ஷெபீல்டில். உருக்கு ஆலைகளின் ஊர், தகப்பனும் அங்கே ஒரு ஆலையில் பொறியியலாளர். தகப்பனுக்குத் திக்குவாய். மகன் ஒக்ஸ்போர்டில் வரலாறு படிக்கப் போய் நாடகம், பகிடி என்று திரும்பிவிட்டார். பின்னாளில் 1988இல் வந்த ஒரு படத்தில் திக்குவாய்க்காரனாக நடித்தார், அதற்குப் பிறகு 1993இல் லண்டனில் திக்குவாய்ப் பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்று அவருடைய பெயரிலேயே தொடங்கப்பட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தொடரைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தீர்களோ தெரியாது, ஆங்கிலம் சரியாக வராத ஒருவர் ஒரு சொல்லுக்காகத் தடுமாறும்போது இவர் முந்திக்கொண்டு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பதில்லை, அவர் கண்டுபிடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார். அது தகப்பனோடு இருந்து பழகிய பழக்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன். முப்பது வருடம் வகுப்பில் நின்ற எனக்கே அந்தப் பொறுமை வரவில்லை.

பயணத்துக்குள் வந்தது திடீரென்று இல்லை. 1980இல் பிபிசி ரயில் பயணங்களைப் பற்றி ஒரு தொடர் செய்தது, அதில் ஒரு பகுதி இவருக்குக் கிடைத்தது, லண்டனில் இருந்து ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரைவரை. சின்ன வயதில் இருந்தே ரயில் பைத்தியம். அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒன்றும் இல்லை, படங்கள் நடித்தார், எழுதினார். 80 நாள் தொடருக்கும் பிபிசி முதலில் இவரைக் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் பயண நிகழ்ச்சி என்றாலே அலன் விக்கர்தான், அவரும் இன்னும் சிலரும் மாட்டேன் என்ற பிறகுதான் இவரிடம் வந்தார்கள். அப்போது இவருக்கு 45 வயது. உங்களுக்கு 27, அவசரப்படாதீர்கள்.

1988 செப்டெம்பர் 25, ஜூல் வேர்ன் எழுதிய 80 நாள் உலகப் பயணக் கதையில் வருகிற அதே லண்டன் ரிபோர்ம் கிளப் வாசலில் இருந்து வெளிக்கிட்டார். விமானம் ஏறக் கூடாது என்பது கட்டுப்பாடு. உங்களுக்குப் பிடித்த மரக்கப்பல் பம்பாயில் விட்டது, அங்கிருந்து ரயிலில் மதராஸ், மதராசில் இருந்து சிங்கப்பூருக்கு யூகோஸ்லாவியச் சரக்குக் கப்பல். 79 நாளும் 7 மணித்தியாலமும் எடுத்து லண்டனுக்குத் திரும்பினால், கிளப்காரர் கமராவை உள்ளே விட மறுத்துவிட்டார்கள், கதை வெளிப்படியிலேயே முடிந்துபோனது. உலகம் முழுக்க வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள், சொந்த ஊரில் கதவடைப்பு. எங்கள் ஊர் மாதிரித்தான்.

பிறகு துருவத்தில் இருந்து துருவத்துக்கு (1992), பசிபிக் சமுத்திரத்தைச் சுற்றி (1997), சஹாரா (2002), இமயமலை (2004), கிழக்கு ஐரோப்பா, பிரேசில் என்று போய்க்கொண்டே இருந்தார். வடகொரியாவில் இருந்தபோதுதான் 75ஆவது பிறந்தநாள் வந்தது. 2019இல் சேர் (Sir) பட்டம். அதற்குப் பிறகும் ஈராக், நைஜீரியா.

பழைய சவுண்ட்காரன்

ரீச்சர் வாழ்க்கையைச் சொல்லிவிட்டார், நான் வேலையைச் சொல்கிறேன். கொழும்பில் 20 வருடம் ரீவிக்குச் சவுண்ட் எடுத்தவன் நான், உப்புவெளி என் ஊர்.

தம்பி, முதலாவது பொய்யை முதலில் உடைக்கிறேன். அந்த மரக்கப்பலில் பேலின் தனியாகப் போகவில்லை. கமராக்காரர், சவுண்ட்காரர், டைரக்டர் என்று ஒரு கூட்டமே கூடப் படுத்துக் கிடந்தது. வேர்னின் கதையில் பணக்காரரோடு போகிற வேலைக்காரனுக்குப் பாஸ்பார்ட்டூ என்று பெயர், பேலின் தன்னுடைய படப்பிடிப்புக் குழு முழுவதுக்கும் சேர்த்து அந்தப் பெயரை வைத்திருந்தார். அவரோடு வருடக்கணக்காகப் போன கமராக்காரர் நைஜல் மீக்கின். ரோட்டில் நிற்கிறவர்களைக் கேட்டால் அந்தப் பெயரையா சொல்லப் போகிறார்கள்? இல்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்த முகங்களில் பல அந்த ஆள் பிடித்த முகங்கள்.

அடுத்தது, அவர்கள் எடுத்தது 16 மில்லிமீட்டர் பிலிமில். 400 அடிச் சுருள் ஒன்று 11 நிமிடம் ஓடும், அவ்வளவுதான். முடிந்தால் இருட்டுப் பையில் கையை விட்டு மாற்ற வேண்டும், கடல் ஆடிக்கொண்டிருக்கும். ஒருவர் பேசத் தொடங்குவதற்கு முன்பே அவர் இப்போது நல்லதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று மணக்கத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் போனில் 12 நிமிடம் விடாமல் எடுத்திருக்கிறீர்கள், அதில் உங்களுக்குப் பின்னால் ஒரு தாய் மரத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஏழாவது நிமிடம், போய்ப் பாருங்கள். சின்ன மரத்தொட்டில், சிவப்புத் துணி. கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதை ஆட்டிப் பார்க்கிறார். நீங்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளக்கோட்டனைச் சொல்கிறீர்கள்! குளக்கோட்டன் எங்கே போகப் போகிறான், நாளைக்கும் அங்கேதான் நிற்பான்.

மூன்றாவது, காற்று. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையில் அந்த விளிம்பில் நின்றுகொண்டு வெறும் போனில் கதைத்தால் புயல் எச்சரிக்கை மாதிரித்தான் கேட்கும். மைக்குக்கு மயிர்த்தோல் போல ஒரு உறை விற்கிறார்கள், கிடைக்காவிட்டால் பழைய குளிர்த்தொப்பியை வெட்டித் தைக்கலாம், நான் தைத்திருக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் யாரும் கதைக்காமல் முப்பது செக்கன் சும்மா சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள். நாங்கள் அதை அட்மோஸ் என்போம். வெட்டி ஒட்டும்போது கிழிசலை மறைக்கிற துணி அதுதான்.

இன்னொன்று. பேலின் ஒரு கதவைத் தட்டுவார், உள்ளே இருந்து கதவு திறப்பதையும் காட்டுவார்கள். அப்படியென்றால் கமரா முதலே உள்ளே போயிருக்கிறது, அவர் இரண்டாம் தரம் தட்டியிருக்கிறார், இரண்டாம் தரமும் முதல் தரம் போலவே முகத்தை வைத்திருக்கிறார். நடிகராக இருந்தது அங்கேதான் உதவியது. எங்களிடம் வந்த அறிவிப்பாளர்கள் பலருக்கு இரண்டாம் தரம் முகம் செத்துவிடும், அந்தக் கிளி மாதிரி.

கிண்ணியா நானா

தம்பி, நான் கொஞ்சம் கசப்பாகக் கதைப்பேன், கோபிக்கக் கூடாது.

அந்த மனிதர் ஒக்ஸ்போர்ட். போகும்போதே பாதி உலகத்துக்கு முகம் தெரியும். பின்னால் பிபிசி. ஒரு இடத்தில் காய்ச்சல் வந்தாலும் கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கும். உமக்குப் போட்டுக்கு எண்ணெய் அடிக்கக் காசு வேண்டும். இதை ஒருத்தரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

காசு விஷயத்தில் தெரிய வேண்டியது, அவர் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு புத்தகம் எழுதினார். 80 நாள் புத்தகம் விற்ற விற்பனை பெரிய விற்பனை. அதெப்படி எழுதினார் என்றால் 1969இல் இருந்து நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம், சிகரெட்டை விட்ட காலத்தில் பிடித்த பழக்கமாம். மற்றவன் களைத்து நித்திரை கொள்கிற நேரம் இவர் எழுதியிருக்கிறார். ரீவி ஒரு தரம் ஓடி முடியும், புத்தகம் கடையில் கிடக்கும். ஆகவே வீடியோவை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். போட்டை விற்றுக் கமரா வாங்குகிற யோசனை இருந்தால் முதலில் எனக்கு ஒரு கோல் எடும், நான் வந்து கன்னத்தில் இரண்டு அறை தருகிறேன்.

ஆனால் அந்த மரக்கப்பல் பகுதி ஏன் உமக்குப் பிடித்தது என்று எனக்குத் தெரியும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்கு நாங்கள் பாதையில்தான் வந்து போனோம். இளம் பிள்ளைகளுக்குப் பாதை என்றால் ரோட்டு. எங்களுக்கு அது ஆளையும் வாகனத்தையும் மாட்டையும் சேர்த்து ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவை. வரிசையில் நின்று, ஏறி, கடந்து முடிகிற நேரத்துக்குள் யார் வீட்டில் கலியாணம், யாருக்குச் சுகமில்லை, நெல் என்ன விலை எல்லாம் தெரிந்துவிடும். இப்போது மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடத்தில் கடக்கிறேன், பக்கத்தில் போகிறவர் யாரென்றே தெரியாது. பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நோயாளியோடு இரவில் பாதைக்குக் காத்து நின்றவனுக்குத்தான் பாலத்தின் அருமை தெரியும். ஆனால் ஆட்கள் கதைக்கிறது ஓடாத இடத்தில்தான். அந்தப் பேலின் விமானம் ஏறாமல் போனதால் பிழைத்தார்.

நிலாவெளிப் போட்காரன்

நானா, போட்டை விற்கிற யோசனை இல்லை. (இருந்தது. இப்போது இல்லை.)

சவுண்ட் அண்ணை, ஏழாவது நிமிடம் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார், நான் இராவணன் வாளால் மலையை வெட்டியதைக் கையால் நடித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. வீடியோவை எடுத்துவிட்டேன்.

ரீச்சர், இன்னொரு கேள்வி. இப்படி மாதக்கணக்காகத் திரிகிறவர்களின் வீட்டு நிலைமை என்ன? எனக்கும் அடுத்த வருடம் பேசி முடித்திருக்கிறார்கள்.

ஓர்ஸ்ஹில் ரீச்சர்

நல்ல கேள்வி, வாழ்த்துகள்.

பேலின் தன் மனைவி ஹெலனைச் சந்தித்தது பதின்ம வயதில், விடுமுறைக்குப் போன ஒரு கடற்கரையில். 1966இல் கலியாணம், மூன்று பிள்ளைகள். 80 நாள் வெளிக்கிடும்போது பிள்ளைகள் படிக்கிற வயது. பசிபிக் தொடர் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் மனைவிக்கு மூளையில் கட்டி என்று தெரிந்து சத்திரசிகிச்சை நடந்தது, நல்லகாலம் ஆபத்தில்லாத கட்டி.  2023இல் ஹெலன் காலமாகும்போது 57 வருட வாழ்க்கை. தொடர்களில் அவர் முகம் அநேகமாக வராது. ஆனால் அந்த வீடு இல்லாவிட்டால் இந்தத் தொடர் ஒன்றும் இல்லை என்று எனக்குப் படும்.

எல்லோருக்கும் அப்படி அமையாது. அந்தோனி போர்டெய்ன் என்று அமெரிக்கர் ஒருவர், குசினியில் இருந்து வந்தவர், நியூயோர்க்கில் சமையற்காரர். உணவகங்களின் உள்விவகாரத்தை எழுதிய புத்தகம் 2000இல் வந்தபோது அவருக்கு 44 வயதுகூட ஆகவில்லை, அதற்குப் பிறகுதான் ரீவி. எங்கள் போர்க் காலத்தில் கொழும்புப் பக்கம் வந்து போனவர், திரும்ப வந்து எடுத்த நிகழ்ச்சி 2017இல் போனது, அந்த முறை யாழ்ப்பாணம் வரை போய் நண்டுக்கறி சாப்பிட்டார். முதல் தரம் போக முடியாத இடத்துக்கு இரண்டாம் தரம் போனது அந்த நிகழ்ச்சி முழுக்கத் தெரியும். சாப்பிடுகிற மேசையில் யார் வராமல் போனார்கள் என்பதையும் கேட்கத் தெரிந்த ஆள். வருடத்தில் 250 நாள் அளவில் வெளியில் திரிந்தார். இரண்டு கலியாணமும் நிலைக்கவில்லை. 2018இல் பிரான்சில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில், 61 வயதில், தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார். காரணம் இதுதான் என்று யாரும் கைநீட்டிச் சொல்ல முடியாது, பயணத்தின் மேல் பழி போடவும் நான் வரவில்லை. கலியாணம் பேசியிருக்கிறது என்கிறீர்கள், அந்தப் பிள்ளையிடம் இந்த ஆசையை இப்போதே சொல்லிவிடுங்கள். கலியாணத்துக்குப் பிறகு கமரா வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

கனடாவில் ஒரு திருமலையான்

இடையில் ஒரு சொல். கூட்டம் வேண்டும், பிபிசி வேண்டும் என்று நானா பயப்படுத்துகிறார். கேரளத்தில் சந்தோஷ் ஜோர்ஜ் குளங்கர என்பவர் சஞ்சாரம் என்று மலையாளத்தில் செய்கிறார், 2001இல் ஏசியாநெட்டில் தொடங்கியது. கமராவும் அவரே, பயணியும் அவரே. பிறகு சபாரி என்று சொந்தமாக ஒரு ரீவியே தொடங்கினார். இங்கிலீஷில் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். குடும்பத்துக்குப் பதிப்பகம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நானா பிடித்துக்கொள்வார்.

கிண்ணியா நானா

பிடிக்கத்தான் இருந்தேன். தப்பிவிட்டீர்.

நிலாவெளிப் போட்காரன்

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர் சொன்னபடி அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். போனை யார் பிடிக்கிறது, நான் பிடிக்கட்டா என்று கேட்டா.

நேற்று ஒரு விஷயம் நடந்தது. எங்கள் கரையில் ஒரு அப்பு இருக்கிறார், கண் சரியாகத் தெரியாது, ஆனாலும் வலை பொத்துவார், விரலாலேயே கண்ணியைத் தடவி எங்கே அறுந்திருக்கிறது என்று பிடித்துவிடுவார். மரக்கப்பல் பகுதியில் பேலின் காசிம் என்கிற கிழவருக்குத் தன் வோக்மனை மாட்டிப் பாட்டுக் கேட்கவைப்பாரே, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டு, அந்தக் கிழவரின் முகம் அப்படியே விரியும், அதுதான் நான் நாலு தரம் பார்த்த இடம். இருபது வருடம் கழித்து அந்த ஆட்களைத் தேடிக் குஜராத்துக்குத் திரும்பவும் போனாராம். சரி, நானும் அப்புவிடம் கேள்வி கேட்காமல் பக்கத்தில் இருந்தேன். கனநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தானாகவே சோழகக் காற்றுக் காலத்தில் எந்தப் பக்கம் வலை விடுகிறது, தமையனோடு முதல் தரம் கடலுக்குப் போனது என்று சொல்லத் தொடங்கினார். 22 நிமிடம்.

முடிய, இயர்போனை அவர் காதில் வைத்து அவருடைய கதையையே போட்டுக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இது நான் இல்லையடா, இது என்ர அண்ணன்ர குரல்" என்றார். தமையன் செத்து எத்தனையோ வருடம். திரும்பப் போடச் சொல்லி மூன்று தரம் கேட்டார்.

பிரச்சினை என்னவென்றால், அவர் கதைத்த நேரம் பக்கத்தில் போட் ஒன்று ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்கள், எஞ்சின் சத்தம் முழுக்க விழுந்திருக்கிறது. சவுண்ட் அண்ணை, அதை எப்படி எடுக்கிறது?

பழைய சவுண்ட்காரன்

எடுக்க முடியாது. கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் குறைத்தால் அவர் குரலும் தகரம் மாதிரி ஆகிவிடும். அப்படியே விடுங்கள், கரையில் எஞ்சின் சத்தம் இருக்கத்தானே செய்யும். அட்மோஸ் முப்பது செக்கன் எடுத்தீர்களா? இல்லாவிட்டால் நாளைக்கு விடிய அதே இடத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு வாருங்கள், வாற ஞாயிறு நான் உப்புவெளியில்தான் நிற்பேன், பைலைக் கொண்டுவந்தால் இருந்து பார்ப்போம். போனைப் பிடிக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.